வெடிப்பு

மாசி மாதம் ஓட்டப்பிடாரத்தில் இறங்கி, பசுவந்தனைப் பக்கமோ குறுக்குச்சாலைப் பக்கமோ ஒரு நாள் சுற்றி வந்தால் போதும். ஒரே வினைச்சொல்லை மூன்று பேர் மூன்று காரியத்துக்குச் சொல்வதைக் கேட்டுவிடலாம். "நெலம் வெடிச்சுக் கெடக்கு" என்பார் ஒருவர். "செவரு வெடிச்சுப் போச்சு, இந்த வருசமும் பூசணும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேச்சில் மட்டும் ஒரு துள்ளல் இருக்கும்: "பருத்தி வெடிச்சிருச்சி அண்ணாச்சி, நாளைக்கு ஆள் விடணும்."

பல்கலைக்கழகத்தில் இந்த மூன்று வாக்கியங்களும் மூன்று கட்டடங்களுக்குப் போய்விடும். நிலம் வெடித்தால் மண்ணியலும் சுற்றுச்சூழலியலும். சுவர் வெடித்தால் கட்டடப் பொறியியல். பருத்தி வெடித்தால் தாவரவியல். இப்போது உயிர்த்தொழில்நுட்பமும் சேர்ந்துகொண்டது. மூன்றையும் ஏன் ஒரே சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டால் மொழியியல் துறைக்குப் போகச் சொல்வார்கள். அது நான்காவது கட்டடம். இந்த நான்கு துறையாரும் ஒரு கரிசல் காட்டின் வரப்பில் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏனென்றால், இந்த மூன்று வெடிப்புக்கும் மூலகாரணம் ஒன்றுதான்.

முதலில் மண்ணைக் கையில் எடுப்போம். கோடையில் கரிசல் கட்டி கல்லைப் போல இருக்கும். வெறுங்காலோடு நடந்தால் அதன் விளிம்பு காலைக் கிழிக்கும். அதே கட்டியை ஒரு கும்பாத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வரும். கட்டி ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கும். சற்று நேரத்தில் கல் இருந்த இடத்தில் கூழ் இருக்கும். மழை பெய்த மறுநாள் அந்தக் காட்டில் நடந்தவர்களுக்கு இந்தக் கூழை நன்றாகத் தெரியும். எட்டுக்கு எட்டு செருப்பின் அடியில் மண் சேர்ந்து, பத்தாவது எட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு சோதனை உண்டு. இதைப் பள்ளி மாணவர்களும் செய்யலாம். கட்டியை இடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள், மற்றொன்றில் தண்ணீர். கலக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் போட்டபடி படிந்திருக்கும். தண்ணீரில் உள்ள மண் அதைவிட உயரமாக உப்பி நிற்கும். இரண்டு உயரங்களுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் அந்த மண்ணின் உப்பும் குணம் தெரிந்துவிடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1977-இல் விதியாக எழுதிவைத்த சோதனை இதுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அந்த எண் ஐம்பதைத் தாண்டினால் பொறியாளர் கவனமாகிவிடுவார். நூற்றைத் தாண்டினால் அடித்தளத்தின் வரைபடத்தையே மாற்றுவார்.

மண்ணெண்ணெயில் உப்பாத மண் தண்ணீரில் ஏன் உப்புகிறது? கரிசலில் உள்ள களியின் படிகம் பனையோலைச் சுவடிக் கட்டைப் போன்றது. ஓலைமேல் ஓலையாக அடுக்கப்பட்ட அமைப்பு. ஓர் ஓலையின் கனம் சுமார் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. ஓலைகள் மின்னேற்றம் கொண்டவை. அந்த ஏற்றத்தைச் சமன்செய்ய இடையிடையே சோடியம், கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு முனைகளிலும் மின் இயல்பு இருப்பதால் அந்த அயனிகள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஓலைகள் விலகுகின்றன, சுவடி பருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த முனைகள் இல்லை, ஆகவே அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. இந்த வகைக் களிக்கு ஸ்மெக்டைட் என்று பெயர். அதில் பெயர் பெற்றது மான்ட்மோரில்லோனைட். பிரான்சில் உள்ள மான்ட்மோரியோன் என்ற ஊரின் பெயரை 1847-இல் அதற்கு வைத்தார்கள். ஒரு கிராம் தூய மான்ட்மோரில்லோனைட்டின் ஓலைகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700 முதல் 800 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் பதினேழு செண்ட் முதல் இருபது செண்ட் வரை. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஒரு வீட்டுமனையே மடிந்து கிடக்கிறது.

கரிசல் என்றால் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டான மண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மகாராட்டிரத்துத் தக்காணப் பீடபூமிக்கு அது சரி. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலுக்கு அது பொருந்தாது. இங்கே அடியில் இருப்பது நைஸ் என்னும் மிகப் பழைய உருமாறிய பாறை. குறைந்த மழையும் நிறைந்த வெயிலும் சுண்ணாம்பும் தாழ்ந்த சமவெளியும் சேர்ந்து அதே வகைக் களியை இங்கே உண்டாக்கியிருக்கின்றன. கருப்பு என்பதால் உரம் மிகுந்த மண் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான கரிசலில் கரிமச் சத்து ஒரு சதத்துக்கும் கீழே. இருக்கும் கொஞ்சம் மட்கும் களியோடு இறுகப் பிணைந்திருப்பதால் மண் முழுக்கக் கருநிறம் பூசியதுபோல் தெரிகிறது.

*

இனி வெடிப்புக்கு வருவோம். மார்கழியில் மழை ஓய்ந்துவிடும். தை, மாசியில் மேல்மண் முதலில் காயும். சுவடிகளுக்கு இடையில் இருந்த தண்ணீர் போகப் போக மேல்மண் சுருங்கப் பார்க்கும். ஆனால் அடிமண் இன்னும் ஈரமாக, உப்பியபடியே இருக்கிறது. அது மேல்மண்ணைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இருபுறமும் இழுபட்ட மேல்மண் ஓர் இடத்தில் தாங்காமல் பிரியும். அதுதான் முதல் வெடிப்பு. காய்தல் கீழே இறங்க இறங்க வெடிப்பும் இறங்கும். நல்ல ஆழக் கரிசலில் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கை நுழையும் அகலத்துக்கு வாய் திறக்கும்.

வற்றிய கம்மாய்க்குள் குனிந்து, வெடிப்புகள் சந்திக்கும் மூலைகளைப் பாருங்கள். முதல்முறை காய்ந்த வண்டலில் ஒரு வெடிப்பு மற்றொன்றின்மேல் செங்குத்தாக முட்டி நிற்கும். நேராக ஓடும் தெருவில் ஒரு சந்து வந்து சேர்வதுபோல. மழையும் வெயிலும் மாறி மாறிப் பலமுறை கண்ட நிலத்தில் மூலைகள் வேறு மாதிரி இருக்கும்: மூன்று வெடிப்புகள் ஏறக்குறைய சம கோணத்தில் கூடும், முக்கவர்க் கம்புபோல. லூகாஸ் கோரிங் என்ற இயற்பியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2010-இல் இதைச் சோதனைச்சாலையில் காட்டினார்கள். அவர்கள் தட்டில் பரப்பி நனைத்து நனைத்துக் காயவைத்தது பென்டோனைட். நம் கரிசலின் களிக்கு நெருங்கிய உறவு. ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு பழைய தடத்தை ஒட்டியே பிறந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூலையை நகர்த்தி, செங்கோணத்தை முக்கவராக மாற்றியது. ஆக, ஒரு காட்டின் வெடிப்பு மூலைகளைப் பார்த்தே அந்த நிலம் எத்தனை மழை, எத்தனை வெயில் கண்டது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வெடிப்பு திறந்திருக்கும் மாதங்களில் மேலே உள்ள புழுதி, சருகு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் காற்றோடு உள்ளே விழும். மழை வந்ததும் அடிமண் உப்பும். ஆனால் வெடிப்புக்குள்தான் ஏற்கெனவே மேல்மண் போய் நிரம்பியிருக்கிறதே, இடம் எங்கே? மண் மண்ணை நெருக்கும். நெருக்கத்தில் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி மேலே ஏறும். கிணறு தோண்டும்போதோ குழி எடுக்கும்போதோ ஆழத்திலிருந்து ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். அதன் முகம் துடைத்த கரும்பலகைபோல் பளபளக்கும். அதில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். மண்ணோடு மண் தேய்ந்த தடம் அது. இப்படியே ஆண்டாண்டாக மேல்மண் கீழேயும் கீழ்மண் மேலேயும் போய்வருகிறது. மண்ணியலார் உலகமெங்கும் உள்ள இத்தகைய மண்ணுக்கு வெர்ட்டிசால் என்று பெயர் வைத்தார்கள். புரட்டுதல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர். கரிசலில் நட்ட வேலிக்கல்லும் மின்கம்பமும் சில ஆண்டுகளில் சாய்ந்து நிற்பதற்கு இந்தப் புரட்டலும் ஒரு காரணம்.

மழைக்கணக்கையும் வெடிப்புதான் எழுதுகிறது. இந்த மானாவாரிப் பகுதிக்கு ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில் வருவது. முதல் மழை கம்மாய்க்கு வந்து சேராது. வெடிப்புகள் வழியே நேராக ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் மணிக்கு எழுபது, எண்பது மில்லிமீட்டர் மழையைக்கூட நிலம் குடிக்கும். வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு கதையே வேறு. களி உப்பிக் கதவை அடைத்துவிடுகிறது. மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது. பிறகு பெய்வதெல்லாம் ஓடைக்கும் கம்மாய்க்கும். செம்மண்ணுக்கென்று எழுதப்பட்ட நீர்க்கணக்கை எடுத்துவந்து கரிசலில் போட்டால் இரண்டு முனையிலும் தப்பாகும்.

உள்ளே போன தண்ணீரைக் கரிசல் எளிதில் விடாது. ஒரு மீட்டர் ஆழ மண் 150 முதல் 200 மில்லிமீட்டர் வரையான நீரைப் பயிர் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும். மார்கழிக்குப் பிறகு ஒரு தூறலும் இல்லாமல் பருத்தியும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் அறுவடைக்கு வருவது இந்தச் சேமிப்பால்தான். சிக்கல் விதைக்கும் நேரத்தில் இருக்கிறது. மழை பெய்து ஈரமான கரிசலில் பல நாள் மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. நிலம் உழவுக்கு இடம் கொடுக்கும் பதம் வருவதற்குள் பருவத்தின் முக்கியமான நாட்கள் போய்விடும். இங்குள்ள சம்சாரிகள் அதற்காகத்தான் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறார்கள்.

1901-இல் தொடங்கி இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுதி விதைப்பைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1970-இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் இதுவும் ஒன்று. விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் சும்மா வந்து போகும் தூறலுக்கு அது ஏமாறாது. இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் மழை சரியாகப் பெய்தால்தான் முளைக்கும். விதையைக் கடினப்படுத்துவது இன்னொரு வழி. பருத்தி விதையை இரண்டு சதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, பழைய ஈரநிலைக்குத் திரும்பக் காயவைப்பார்கள். முளைப்பதற்கான உள்வேலைகள் பாதியில் தொடங்கி நிற்கும். மண்ணில் ஈரம் பட்டதும் மற்ற விதையைவிட முந்தி எழும். இடையில் வறட்சி வந்தாலும் தாங்கும். ஊரார் கண்டுபிடித்த பழக்கத்துக்கு ஆராய்ச்சி நிலையம் ஆழமும் அளவும் கொடுத்தது. ஆராய்ச்சி இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

*

சுவருக்குப் போவோம். கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு புதிர் உண்டு. கனமான கட்டடம் நிற்கிறது; ஒற்றை அடுக்குச் சின்ன வீடு வெடிக்கிறது. பொறியாளருக்கு இது புதிரல்ல. உப்பும் களி மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலைவிடக் கட்டடத்தின் பாரம் கூடுதலாக இருந்தால் களி அடங்கிக் கிடக்கும். குறைவாக இருந்தால் வீட்டையே தூக்கும். அதுவும் சமமாகத் தூக்காது. வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சுவரோரத்து மண்தான் காய்ந்து நனைந்து இறங்கி ஏறும். நடுவீடு ஓர் உயரத்தில், ஓரம் வேறோர் உயரத்தில் என்று ஆகும்போது சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பும். சுவரை ஒட்டி வேம்பு நின்றால் அதன் வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சும். வெடிப்பு அந்தப் பக்கம் விரைவில் வரும். மேலே சிமெண்டு பூசினால் அடுத்த மாசிவரை மறைந்திருக்கும், அவ்வளவுதான். என் உறவினர் வீடு ஒன்றில் நான்கு முறை பூசியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவில் முதலிலேயே மண்ணைச் சோதித்திருக்கலாம்.

இதற்கு இந்தியாவில் உருவான இரண்டு தீர்வுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த அடிவிரிந்த தூண். மேஸ்திரிகள் அண்டர் ரீம் பைல் என்பார்கள். நிலத்தில் சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் மட்டும் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் ஊற்றுவது. அந்த ஆழத்தில் வெயிலும் மழையும் மண்ணின் ஈரத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை. மேல்மண் எவ்வளவு ஆடினாலும், அடியில் குமிழ்போல் விரிந்த பகுதி தூணை நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி ஆராய்ந்த முறை. கரிசலின்மேல் உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு மீட்டர் அளவுக்குப் போட்டு இறுக்கினால் அடியில் உள்ள களியின் உப்பல் அடங்கிவிடுகிறது. 1978-இல் இந்திய நிலத்தொழில்நுட்பச் சங்கத்தின் ஆண்டுச் சொற்பொழிவில் அவர் பேசியதும் கரிசலுக்குத் தீர்வு தேடுவது பற்றித்தான்.

வீடு கட்டும் முன் வாசலிலும் தளத்துக்கு அடியிலும் சரள் மண் அடித்து இறுக்குவது இந்தப் பக்கத்தில் எந்த மேஸ்திரியும் செய்யும் வேலை. எவ்வளவு கனத்துக்கு, எந்தச் சரள், எத்தனை முறை இறுக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் ஆய்வகம் சேர்த்தது. சுண்ணாம்பும் அப்படியே. சுண்ணாம்பைக் கலந்தால் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்து, ஓலைகளை இறுக்கிப் பிடிக்கும். நாள் ஆக ஆகக் களியோடு வினைபுரிந்து சிமெண்டுபோல் கட்டிக்கொள்ளும். கரிசலில் போடும் சாலைகளுக்கு அடியில் சுண்ணாம்பு போவது இதனால்தான்.

*

மூன்றாவது வெடிப்பு பருத்தியில். பருத்திக்காய் மூன்று முதல் ஐந்து அறைகள் ஒட்டிய பெட்டி. காய் முற்றியதும் தோல் காயத் தொடங்கும். தோலின் வெளிப்புறம் சதைப்பற்றானது, உள்புறம் மரம்போல் இறுகிய நார்ப்படலம். ஈரம் போகும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வெளிப்புறம் கூடுதலாகச் சுருங்கி உள்புறத்தை வளைக்கும். அந்த விசைக்குத் தையல் கோடு விட்டுக்கொடுக்கும். ஓடு பின்னோக்கி விரியும். வெள்ளைச் சுளை வெளியே வரும். மேல்மண்ணும் அடிமண்ணும் சமமாகச் சுருங்காததால் நிலம் வெடித்தது, ஓரமும் நடுவும் ஒன்றாக இறங்காததால் சுவர் வெடித்தது, தோலின் வெளியும் உள்ளும் ஒத்துச் சுருங்காததால் காய் வெடிக்கிறது. குதிகால் வெடிப்புக்கும் இதே காரணத்தைத்தான் சொல்ல வேண்டும்: மேல்தோல் காய்ந்து விறைக்கிறது, உள்தோல் நெகிழ்வாக இருக்கிறது.

செடிக்கு மட்டும் ஒன்று கூடுதல். எங்கே பிரிய வேண்டும் என்பதை அது முன்கூட்டியே எழுதிவைக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் இரண்டு மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தால் காய் முற்றியும் வெடிப்பதில்லை என்று 2000-இல் கண்டறிந்தார்கள். உளுந்துக்காய் வெயிலில் வெடித்துக் காட்டிலேயே சிதறுவதைப் பார்த்த விவசாயிக்கு இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு உடனே புரியும்.

கரிசலின் சொந்தப் பருத்தி கருங்கண்ணி. காசிப்பியம் ஆர்போரியம் என்னும் நாட்டுப் பருத்தி இனம். ஆணிவேர் ஆழமாக இறங்கும், சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தாங்கும், விதையை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். கோவில்பட்டி நிலையம் 'கே' என்ற எழுத்தோடு வெளியிட்ட கே 11 போன்ற பருத்தி ரகங்கள் இந்த வழியில் வந்தவை. கருங்கண்ணிக்குக் குறைகளும் உண்டு. காய் சிறியது, இழை குட்டை. வெடித்த காயில் சுளை நெடுநேரம் தங்காமல் நழுவி மண்ணில் விழும். "நாளைக்கு ஆள் விடணும்" என்ற அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

ஆலைகள் நீண்ட இழை கேட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்போடியாப் பருத்தி தமிழ்நாட்டுக்குள் வந்தது. பிறகு அமெரிக்க இனத்தின் வீரிய ஒட்டுகள். காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் மரபணு கொண்ட பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தபோது அந்த மரபணு ஏறியது பெரும்பாலும் இந்த ஒட்டு விதைகளில்தான். ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டிய நிலை வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு சில ஆண்டுகளில் அந்த நஞ்சுக்கே பழகிக்கொண்டது. இன்று ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்தில் பல காடுகளில் மக்காச்சோளம் நிற்கிறது. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு அதையும் விட்டுவைக்கவில்லை.

ஆர்போரியத்தின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து 2014-இல் சீன ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். பதின்மூன்று இணைக் குரோமோசோம்கள், சுமார் 170 கோடி எழுத்துகள். இன்று உலகச் சந்தையை ஆளும் அமெரிக்கப் பருத்தியில் இருபத்தாறு இணைகள். அவற்றில் பாதி, ஆர்போரியத்தின் நெருங்கிய உறவான பழைய உலகப் பருத்தி ஒன்றிலிருந்து போனவை. இந்த வரைபடம் கையில் இருக்கும்போது இழை நீளத்தையும், வெடித்த காயில் சுளை தங்குவதையும் கருங்கண்ணிக்குள் கொண்டுவரும் வேலைக்குத் தடை அறிவியலில் இல்லை. பணமும் ஆளும் ஒதுக்கும் மனத்தில்தான் இருக்கிறது. உயிர்த்தொழில்நுட்பம் மானாவாரிச் சம்சாரிக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

*

கடைசியாக, சொல். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனாரைக் கப்பலோட்டியவராகவும், 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தியவராகவும் எல்லோருக்கும் தெரியும். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்க உழைத்தவரும் அவர்தான். அந்தத் தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு சொல் பல பொருளுக்கும், பல சொல் ஒரு பொருளுக்கும் வருவதை ஆராயும் பகுதி. நம் 'வெடிப்பு' அந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற சொல்.

வெடிப்பு கரிசலுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. தஞ்சாவூர் வயலும் வெடிக்கும். ஆனால் தமிழ் தன் சொற்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். கீறல், வெளியிலிருந்து ஒரு கூர்மை பட்டதால் வருவது. விறகைப் பிளக்கலாம், பாறையைப் பிளக்கலாம். பிளப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். 'விறகை வெடித்தான்' என்று யாரும் சொல்வதில்லை. நிலம் வெடித்தது, சுவர் வெடித்தது, காய் வெடித்தது, குதிகால் வெடித்தது, அது தானே வெடித்தது. செய்தவன் இல்லாத வினை. உள்ளே கூடிய விசையால் தானாகப் பிரிவதற்குத் தமிழ் இந்த வினையை வைத்திருக்கிறது. பட்டாசு வெடிப்பதும் இந்த வரிசையில் சேரும். அங்கே உள்விசை வாயு, இங்கே சுருக்கம். மண்ணியலும் பொறியியலும் தாவரவியலும் கண்டுசொன்ன பொதுக் காரணம் இந்த வினையின் இலக்கணத்திலேயே இருக்கிறது. பேச்சுவழக்கை ஆராய்ச்சிக்கு உதவாத கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

மண்ணின் பெயர்களிலும் அப்படித்தான். கரிசல் என்ற பெயர் நிறத்தைப் பார்த்தது. பழைய மண்ணியல் நூல்களில் வரும் ரெகூர் என்ற பெயர் தெலுங்கு ரேகடியிலிருந்து போனது. வெர்ட்டிசால், மண்ணின் அசைவைப் பார்த்து வைத்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலின் பெயரில் செவல் இருக்கிறது. செம்மண்ணுக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. ஊர்ப்பெயர்களைத் தொகுத்து வரைபடத்தில் குறித்தாலே ஒரு மண் வரைபடம் பாதி வந்துவிடும்.

அந்த இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன்தான் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். பட்டம் எதுவும் பெறாதவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1936-இல் நிறைவுற்ற பிறகும் அதற்குள் வராத சம்சாரிச் சொற்கள் ஏராளமாக இருந்தன. உழவு, மழை, மாடு, மண், பயிர் என்று அவர் திரட்டியவற்றை ஒரு சூழலியல் ஆவணமாகவே நான் படிக்கிறேன். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை. 2021 மே மாதம் அவர் மறைந்தார். அவர் திரட்டிய சொற்களில் பல, பருத்திக்காடு மக்காச்சோளக் காடாக மாறியதோடு பேச்சிலிருந்தும் போய்க்கொண்டிருக்கின்றன. கருங்கண்ணியை விதைக்கிறவர் இல்லாவிட்டால் கருங்கண்ணிக்கு மட்டும் உரிய சொற்களை யார் சொல்வார்கள்?

இந்தப் பகுதியில் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றும் ஓர் அளவுகோலும் போதும். உங்கள் காட்டில் ஒரே இடத்தில் பத்து வெடிப்புகளின் ஆழத்தையும் அகலத்தையும் தை பிறந்ததும் ஒருமுறை, மாசிக் கடைசியில் ஒருமுறை, முதல் மழைக்கு மறுநாள் ஒருமுறை அளந்து பாருங்கள். கம்பிக்கு எட்டாத ஆழம் என்றால் கல் கட்டிய நூலை விடுங்கள். அன்றைக்கு உங்கள் ஆச்சியோ அவ்வாவோ அந்த மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, பயிரைப் பற்றிச் சொன்ன சொல்லை, அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே பக்கத்தில் எழுதுங்கள். ஊர், தேதி, பயிர் மூன்றையும் குறிக்க மறக்காதீர்கள்.